பிரசவ வலியும் இரண்டு அமானிதங்களும்

மேற்கு மாம்பலத்தில் பெண்களுக்காக நாங்கள் நடத்திவரும் மார்க்க வகுப்பு வியாழன்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் கூடும். சென்ற மாதம் நிஃபாஸ் எனப்படும் பேறுகால உதிரப்போக்கின் சட்டங்களைப் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தோம். ஏழாம் மாதம் நடக்கும் ஒரு சகோதரி தயங்கியபடியே எழுந்து, "ஆலிமா, பிரசவ வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொள்வது மார்க்கத்தில் கூடுமா? அது குழந்தைக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டார். நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே அருகில் அமர்ந்திருந்த அவருடைய மாமியார், "நாங்கள் எல்லாம் ஊசி போட்டுக்கொண்டா பெற்றோம்?" என்றார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. கேட்ட சகோதரி மட்டும் சிரிக்கவில்லை.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். முதலாவது ஷரீஅத்தைச் சார்ந்தது. இரண்டாவது மருத்துவத்தைச் சார்ந்தது. நம் வீடுகளில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வலியைத் தாங்குவதே நன்மை என்று ஒரு தரப்பும், இக்காலத்தில் வலியைத் தாங்குவது அறியாமை என்று மறுதரப்பும் பேச, நடுவில் அகப்பட்டுக்கொள்பவள் கர்ப்பிணிப் பெண். அவளுக்காகவும் அவள் வயிற்றில் இருக்கும் பேச இயலாத உயிருக்காகவும் நாங்கள் படித்ததையும், மருத்துவம் அறிந்தவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

வலி தண்டனையா?

பிரசவ வலியைத் திருக்குர்ஆன் மறைத்துப் பேசவில்லை. தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாகப் பிள்ளையைச் சுமப்பதை லுக்மான் அத்தியாயம் நினைவூட்டுகிறது. சிரமத்துடன் சுமந்து சிரமத்துடன் ஈன்றெடுப்பதை அஹ்காஃப் அத்தியாயம் கூறுகிறது. பெற்றோருக்கு நன்றி செலுத்த வேண்டிய கடமை அந்தச் சிரமத்தின் மீதே நிறுவப்படுகிறது. ஆயினும் அந்தச் சிரமம் எந்தப் பெண்ணின் எந்தப் பாவத்திற்குமான தண்டனை என்று நம் மார்க்கத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். வலி அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுசேர்க்கிறது. இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் புலம்புகிறார்கள். உலகப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தூய பெண்மணியே அப்படிக் கதறினார்கள் என்றால், நம் வீட்டுப் பெண் கதறுவதைக் கண்டு முகம் சுளிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அந்தக் கதறலுக்குக் கிடைத்த பதிலையும் கவனியுங்கள். பொறுமையில்லாதவள் என்ற கண்டிப்பு அதில் இல்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரோடையும், மரத்தை உலுக்கினால் உதிரும் கனிந்த பேரீச்சம்பழங்களும் அருளப்பட்டன. பிரசவ வேளையில் ஒரு பெண்ணுக்கு ஆறுதலும் உதவியும் அளிப்பது இறைவனே காட்டித்தந்த வழிமுறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் நிலைமை வேறாக இருந்தது. 1847 இல் எடின்பரோ நகர மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்தின்போது முதலில் ஈதரையும் பின்னர் குளோரோஃபார்மையும் கொடுத்து வலியைக் குறைத்தார். வலியுடன் பெற வேண்டும் என்பது இறைவிதி என்று மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்புகள் எழுந்தன. சிம்ப்சனும் வேத ஆதாரங்களைக் கொண்டே மறுமொழி எழுதினார். 1853 இல் விக்டோரியா அரசி தம் எட்டாவது பிரசவத்தில் மருத்துவர் ஜான் ஸ்னோவின் கையால் குளோரோஃபார்ம் பெற்றுக்கொண்ட பின்னர்தான் அவ்விவாதத்தின் வேகம் தணிந்தது. நமக்கு அத்தகைய விவாதமே தேவைப்படவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை ஏவினார்கள். எந்த நோயையும் அல்லாஹ் அதற்குரிய நிவாரணம் இன்றி இறக்கவில்லை என்றும் அறிவித்தார்கள். முள் குத்திய வேதனைக்கும் பாவம் மன்னிக்கப்படும் என்பது மெய்தான். அதற்காக முள்ளைப் பிடுங்காமல் வைத்திருப்பார் எவருமில்லை.

ஆகவே வலியைக் குறைத்துக்கொள்ள விரும்பும் பெண் குற்றவாளி அல்லள். மருந்தின்றிப் பெற விரும்பும் பெண் பிற்போக்கானவளும் அல்லள். ஆனால் இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு விளைவிக்கக் கூடாது என்பது நபிமொழியில் நிலைபெற்ற சட்ட அடிப்படை. பிரசவ அறையில் அந்தப் 'பிறர்' குழந்தையே. தாயின் உடல் ஓர் அமானிதம் என்றால் குழந்தையின் உடல் இன்னோர் அமானிதம். இதனால்தான் அச்சகோதரியின் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிடக் கனமானது.

எங்கள் குடும்பத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம். தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். நள்ளிரவில் வலி கடுமையானபோது தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று அவள் கேட்டதற்கு, "வலிக்குத்தான்மா" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. சற்று நேரத்தில் அரைத்தூக்கத்தில் ஆழ்ந்தாள். இரண்டரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அழுகை மிக மெலிதாக இருந்தது. மூச்சு சீராகும் வரை சில நிமிடங்கள் ஆக்சிஜன் வைத்தார்கள். அல்லாஹ்வின் அருளால் நிறம் திரும்பியது.

துயரம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மார்பில் வைத்த குழந்தை வாய் திறக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினால் முனகிவிட்டு மீண்டும் உறங்கியது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினார்கள். தாய்க்குப் பால் இல்லை என்றார் ஒருவர். குழந்தை மந்தமாக இருக்குமோ என்று கிசுகிசுத்தார் இன்னொருவர். "வலி தாங்க முடியாமல் ஊசி கேட்டு வாங்கினாளாம், அதுதான்" என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். அவள் ஊசி கேட்கவே இல்லை. சர்க்கரைத் தண்ணீரும் புட்டிப்பாலும் வந்து சேர்ந்தன.

எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு மாமி, அரசு மருத்துவமனையில் நெடுங்காலம் பிரசவ அறைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தையைப் பார்க்க வந்தவர் மருத்துவமனைக் குறிப்பை வாங்கிப் படித்தார். அதில் 'பெத்திடின்' என்றும் போடப்பட்ட நேரமும் எழுதியிருந்தன. "குழந்தைக்கு ஒன்றுமில்லை, அம்மாவுக்குப் போட்ட மருந்து இதன் உடம்பிலும் இருக்கிறது. அது இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மார்போடு வைத்திருங்கள், சீம்பாலைக் கையால் பிழிந்து பாலாடையில் கொடுங்கள்" என்றார். குழந்தையைப் பார்த்துவந்த மருத்துவரும் அதையே உறுதிசெய்தார். மூன்றாம் நாள் பச்சிளங்குழந்தை பசியெடுத்து அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம்.

அந்தச் சிறுமி இப்போது எங்கள் மக்தபில் அம்ம ஜுஸ்உ ஓதுகிறாள். ஆனால் அவள் தாய், அந்த மூன்று நாள்களையும் அல்லாஹ் தனக்கு அளித்த தண்டனை என்றே பல காலம் எண்ணியிருந்தாள். ஒரு மருந்தின் பெயரையும் அதன் இயல்பையும் முன்கூட்டியே இரண்டு வரிகளில் சொல்லியிருந்தால் அந்த எண்ணம் தோன்றியிராது.

தாயின் மருந்து குழந்தையை அடைவது எப்படி?

தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடி இடையில் நின்று உணவையும் ஆக்சிஜனையும் கடத்துகிறது. அதே வழியாகப் பல மருந்துகளும் கடந்துவிடுகின்றன. சிறிய மூலக்கூறுகளாகவும் கொழுப்பில் கரைபவையாகவும் உள்ள மருந்துகள் எளிதில் கடக்கும். பெத்திடின் அத்தகையது.

1939 இல் ஜெர்மனியில் அறிமுகமான பெத்திடின், அபினைச் சார்ந்த மருந்துகளைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்து. விரைவிலேயே உலகெங்கும் பிரசவ அறைகளில் பரவியது. வளர்ந்தவர்களின் உடல் சில மணி நேரத்தில் அதன் பாதியை வெளியேற்றிவிடும். பிறந்த குழந்தையின் கல்லீரல் அந்த அளவு முதிர்ந்திராததால் அதே பாதி வெளியேற ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. பெத்திடின் உடைந்து உருவாகும் நார்பெத்திடின் என்ற பொருள் அதைவிடவும் நீண்ட நேரம் தங்குகிறது. குழந்தையின் மந்தமான மூச்சு, உறக்கம், உறிஞ்சும் ஆற்றல் குறைதல் ஆகியவற்றின் காரணம் இதுவே.

இதில் நேரம் மிக முக்கியமானது. தசையில் ஊசி போட்ட ஒரு மணி நேரத்திற்குள் குழந்தை பிறந்துவிட்டால் அதன் உடலில் மருந்து அதிகம் சேர்ந்திராது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பிறக்கும் குழந்தையில்தான் பாதிப்பு கூடுதலாகத் தெரியும். எங்கள் தங்கை மகளின் குழந்தை பிறந்தது சரியாக அந்த இடைவெளியில்தான். குழந்தையின் மூச்சு மிகவும் மந்தமானால் அதை மாற்றும் நலாக்சோன் என்ற முறிமருந்தும் உண்டு. 1990 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று, பிறந்தவுடன் தாயின் மார்பில் விடப்பட்ட குழந்தைகளைக் கவனித்தது. தாய்க்குப் பெத்திடின் கொடுக்கப்படாமல், தாயிடமிருந்து இடையில் பிரிக்கப்படாமலும் இருந்த குழந்தைகளில் பெரும்பாலானவை தாமாகவே சரியாகப் பால் உறிஞ்சின. பெத்திடின் பெற்ற தாய்மாரின் குழந்தைகள் பல உறிஞ்சவே இல்லை.

மனிதர்கள் இதைக் கற்றுக்கொள்ளப் பல தலைமுறைகள் பிடித்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் மார்ஃபினையும் ஸ்கோபோலமினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தாய்க்கு வலியின் நினைவே எஞ்சாது. ஆனால் சில குழந்தைகள் மூச்சின்றி, உறக்கத்திலேயே பிறந்தன. தாயின் வலியைப் பார்த்தவர்கள் சேயைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் ஒரு பெண்மணி. நியூயார்க் நகரின் மயக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார். பிறந்த குழந்தையின் இதயத்துடிப்பு, மூச்சு, தசைவலு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 2 வரை மதிப்பெண் கொடுக்கும் முறையை 1953 இல் வெளியிட்டார். இன்று மாம்பலத்தில் பிறக்கும் குழந்தைக்கும் முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் அந்த மதிப்பெண்ணைத்தான் குறிக்கிறார்கள். தாய்க்குத் தரும் மயக்க மருந்து குழந்தையை எப்படிப் பாதிக்கிறது என்று அறிவதும் அவருடைய நோக்கமாக இருந்தது. அவர் பெரிதும் விரும்பிப் பயன்படுத்திய சைக்ளோபுரொபேன் என்ற வாயு குழந்தைகளைச் சோர்வடையச் செய்கிறது என்று ஆய்வில் தெரிந்ததும் பிரசவத்தில் அதைக் கைவிட்டார். தமக்குப் பழகிய வழி பிழை என்று தெரிந்ததும் அதை விட்டுவிடும் நேர்மை, எம்மதத்தவரிடம் இருந்தாலும் போற்றத்தக்கது.

இன்று இருக்கும் வழிகள்

எல்லா மருந்தும் பெத்திடின் அல்ல. 'வலி ஊசி' என்ற ஒரே பெயரில் நம் பெண்கள் சொல்பவை ஒன்றுக்கொன்று வேறானவை.

டிராமடால், பென்டாசோசின் போன்ற ஊசிகள் நம் ஊரில் பழக்கத்தில் உள்ளவை. இவையும் நஞ்சுக்கொடியைக் கடப்பவையே. அளவும் நேரமும் கவனிக்கப்பட வேண்டும். இவற்றைப் பெற்ற தாயின் குழந்தையைப் பிறந்த பின் சில மணி நேரம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

முகமூடி வழியாகத் தாய் தானே பிடித்துச் சுவாசிக்கும் வாயு ஒன்று உண்டு. பாதி நைட்ரஸ் ஆக்சைடும் பாதி ஆக்சிஜனும் கலந்தது. வலியை முழுவதுமாக நீக்காது, ஓரளவு மழுங்கச் செய்யும். தாய்க்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். மூச்சின் வழியே வந்தது மூச்சின் வழியே விரைவாக வெளியேறிவிடுவதால் குழந்தையிடம் தங்குவதில்லை.

'வலியில்லாப் பிரசவம்' என்று விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் எபிடூரல் முறை. மயக்க மருத்துவர் முதுகுத்தண்டில் நரம்புகளைச் சூழ்ந்த இடத்தில் மெல்லிய குழாயைச் செலுத்தி, மரத்துப்போகச் செய்யும் மருந்தை மிகக் குறைந்த செறிவில், சிறிதளவு ஃபென்டனைலுடன் சேர்த்துச் செலுத்துவார். தாய் விழிப்புடன் இருப்பாள். மருந்து நரம்பருகே வேலை செய்வதால் இரத்தத்தில் கலந்து குழந்தைக்குச் செல்லும் அளவு குறைவு. 2018 இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 40 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அபின்வகை ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளோடு ஒப்பிட்டால், எபிடூரல் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு நலாக்சோன் தேவைப்பட்டது குறைவு. ஐந்தாம் நிமிட ஆப்கார் மதிப்பெண்ணில் வேறுபாடு தெரியவில்லை. சிசேரியன் எண்ணிக்கையும் கூடவில்லை.

அதற்கும் விலை உண்டு. தாயின் இரத்த அழுத்தம் திடீரெனக் குறையலாம். குறைந்தால் குழந்தையின் இதயத்துடிப்பும் தளரக்கூடும். ஆகையால் நரம்பு வழியே திரவம் ஏற்றி, துடிப்பைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். சிலருக்குக் காய்ச்சல் வரும். முக்கிப் பெறும் கட்டம் நீளலாம். மயக்க மருத்துவர் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கும் மருத்துவமனையில்தான் இது பாதுகாப்பானது.

எபிடூரல் போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுவதை எங்கள் வகுப்பிலும் காட்டினார்கள். 2020 இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு அத்தகைய தொடர்பு இருக்கலாம் என்றது உண்மை. மகப்பேறு மருத்துவச் சங்கங்களும் மயக்க மருத்துவச் சங்கங்களும் அந்த முடிவை ஏற்க மறுத்தன. மறு ஆண்டில் டென்மார்க்கிலும் கனடாவின் மனிடோபாவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் அத்தொடர்பு காணப்படவில்லை. கேள்விப்பட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழியை, ஒரு கர்ப்பிணியின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புமுன் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இடுப்பு வலிக்காகக் கர்ப்பிணிகள் மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையின் சிறுநீரகத்தையும், பிறக்கும் வரை திறந்திருக்க வேண்டிய இதயக் குழாயையும் பாதிக்கக்கூடும். பிரசவ ஊசிக்கு அஞ்சுபவர்கள் இம்மாத்திரைகளுக்கு அஞ்சுவதில்லை. மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது.

பாங்கும் தஹ்னீக்கும்

குழந்தை பிறந்ததும் காதில் பாங்கு சொல்ல வேண்டும், பேரீச்சம்பழத்தை மென்று அண்ணத்தில் தடவும் தஹ்னீக் செய்ய வேண்டும் என்ற ஆர்வம் நம் குடும்பங்களில் நிறைந்திருக்கிறது. நல்ல ஆர்வம்தான். ஆனால் மருந்தின் உறக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு விழுங்கும் ஆற்றலும் தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் வாயில் எதை வைத்தாலும் புரையேறும் அபாயம் உண்டு. ஸுன்னத் ஓரிரு மணி நேரம் தாமதிப்பதால் தவறிப்போவதில்லை. குழந்தை நன்கு விழித்து, உறிஞ்சத் தொடங்கிய பின், மருத்துவரைக் கேட்டு, தூய்மையான கையால் சிறிதளவு தடவினால் போதுமானது. தேன் மட்டும் ஒரு வயது வரை கூடாது என்பது மருத்துவர்களின் உறுதியான எச்சரிக்கை.

பாங்கு சொல்வதற்காகக் குழந்தையை உடனே வெளியே கொண்டுவருமாறு செவிலியரை நெருக்குவதும் சரியன்று. கண்காணிப்பில் இருக்கும் குழந்தையின் அருகே சென்று மெல்லிய குரலில் சொல்லலாம். தாயின் மார்போடு குழந்தையின் மேனி படும்படி வைத்திருப்பதே உறக்கம் தெளியாத குழந்தைக்கு நல்ல மருந்து. இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசும் திருக்குர்ஆனை ஓதும் நாம், முதல் இரண்டு நாள்களிலேயே பொறுமை இழந்து புட்டியைத் தேடலாமா?

கேட்பது நம் உரிமை

நம் சமுதாயப் பெண்கள் கேட்கத் தயங்குவதற்குக் கூச்சமே முதற்காரணம். இதற்கு இந்நகரிலேயே ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் திரைமறைவில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும் உயர்சாதி இந்துப் பெண்களும் ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்து, பிரசவத்திலேயே உயிர் துறந்தார்கள். அதைக் கேள்வியுற்று மனம் வருந்திய மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரானார். பின்னர் லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, 1885 இல் அப்பெண்களுக்காகவே ஒரு மருத்துவமனை தொடங்கக் காரணமானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரில் இயங்குவது அதுவே. எங்கள் பாட்டிமார் கடைசி வரை அதை 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைத்தார்கள்.

அன்று பெண் மருத்துவர் இல்லாததால் உயிர் போயிற்று. இன்று அத்தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. பெண் மயக்க மருத்துவர் கிடைத்தால் அவரை நாடுவது சிறப்பு. கிடைக்காவிட்டால் தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெற மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். சிகிச்சைக்குத் தேவையான அளவில் மருத்துவர் தரும் அபின்வகை மருந்தைப் போதைக்காக உட்கொள்வதோடு அவர்கள் சமமாக்கவில்லை. ஆகவே கூச்சம் இன்று நம் நாவைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

இன்னொரு நிவாரணமும் இருக்கிறது. மருந்தல்லாத அதற்குப் பக்கவிளைவு இல்லை. பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2004 வாக்கிலேயே தன் மருத்துவமனைகளில் தொடங்கியது. 2016 இல் மத்திய அரசும் அதை வலியுறுத்தியது. தொடர்ந்து ஆதரவாக ஒருவர் அருகில் இருந்தால் வலி மருந்தின் தேவை குறைகிறது, இயல்பான பிரசவம் கூடுகிறது, ஐந்தாம் நிமிட மதிப்பெண் குறைந்த குழந்தைகளும் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இடுப்பைத் தேய்த்துவிடும் கையும், நடக்கத் தோள் கொடுப்பவரும், காதருகே மெதுவாக ஓதப்படும் துஆவும் மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த ஆறுதலின் வழியில் வருபவை. "நாங்கள் எல்லாம் ஊசி போட்டுக்கொண்டா பெற்றோம்?" என்று கேட்கும் மாமியாரே அந்த அறையில் மருமகளின் கையைப் பற்றிக்கொண்டு நின்றால், அவருடைய அனுபவம் அவளுக்கு வரமாக அமையும்.

எட்டாம் மாதம் பிறக்கும்போதே கணவரும் மனைவியுமாகச் சென்று மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள். இங்கே வலிக்கு என்னென்ன கொடுப்பீர்கள்? அதன் பெயர் என்ன? குழந்தையை அது எவ்வளவு நேரம் பாதிக்கும்? பிறப்பதற்குச் சற்று முன் கொடுக்க நேர்ந்தால் குழந்தை மருத்துவர் அறையில் இருப்பாரா? எபிடூரல் என்றால் மயக்க மருத்துவர் இரவிலும் இருப்பாரா? உடன் ஒரு பெண் இருக்க அனுமதி உண்டா? பிறந்த உடனே குழந்தையை மார்பில் தருவீர்களா? பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வலி வந்த பின் எந்தப் பெண்ணாலும் இவற்றைக் கேட்க இயலாது. வலி வந்த நேரத்தில் முன்பு எடுத்த முடிவை அவள் மாற்றிக்கொண்டால் அதையும் மதியுங்கள். மருந்து வேண்டாம் என்றிருந்தவள் கேட்கலாம். வேண்டும் என்றிருந்தவள் மறுக்கலாம். தாங்குபவள் அவள்.

ஒருவேளை மருந்தின் பின் குழந்தை உறங்கியபடி பிறந்தால், தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். தேவை ஏற்பட்டு, நல்லெண்ணத்துடன் பெற்ற மருந்துக்காக அல்லாஹ் எந்தத் தாயையும் பிடிக்க மாட்டான் என்று நம்பிக்கை கொள்வோம். பிரசவத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்தைத் தந்த ரஹ்மான், பிழைத்து எழும் பெண்ணை நாம் சொல்லால் வதைப்பதை விரும்புவானா?

அந்தச் சகோதரிக்கு இன்ஷா அல்லாஹ் அடுத்த மாத இறுதியில் பிரசவ நாள். யா அல்லாஹ்! அவருக்கும், கர்ப்பம் சுமக்கும் எங்கள் சகோதரிகள் அனைவருக்கும் சுகப்பிரசவத்தை இலேசாக்கித் தருவாயாக! அவர்களின் வலிக்கு நற்கூலியையும், அந்த வலி குறைய ஹலாலான வழியையும் அருள்வாயாக! பிறக்கும் குழந்தைகளின் மூச்சைச் சீராக்கி, தாய்ப்பாலின் பக்கம் அவர்களின் வாயைத் திருப்புவாயாக! அறியாததை அறிந்தோரிடம் கேட்கும் பணிவையும், கேட்போருக்கு விளக்கும் பொறுமையை மருத்துவர்களுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.